மூன்றடி பத்தரை

17 மே 1954

கல்முனைச் சந்தையில் இன்று அளவைகளுக்கு முத்திரை குத்தும் வேலை தொடங்கியது. கொத்து, சேர், படிக்கல், தராசு, யார்க்கோல் என்று ஊரே சாமான்களைத் தூக்கிக்கொண்டு வரிசையில் நிற்கிறது. பால்காரர் ஒருவரின் பால் அளக்கிற கொத்துக்குள் அடியில் அரை அங்குலத்துக்கு மெழுகு. கேட்டால், “ஒழுகுது ஐயா, அதுக்குத்தான்” என்கிறார். ஒழுகாத கொத்து ஒன்று வாங்கிக்கொண்டு வரச்சொல்லி அனுப்பினேன். பின்னால் நின்றவர்கள் சிரித்தார்கள். அவர்களுடைய கொத்துகளைப் பார்த்தபோது சிரிப்பு நின்றுவிட்டது.

ஒரு பெரியவர் என்னுடைய பித்தளைக் கோலைத் தொட்டுப் பார்த்துவிட்டுக் கேட்டார், “தம்பி, இது சரியெண்டு உங்களுக்கு ஆரு சென்ன?” நல்ல கேள்வி. மட்டக்களப்பு அரசாங்கக் கச்சேரியில் இருக்கும் கோல் சொன்னது. அதற்குக் கொழும்பில் இருப்பது. அதற்கு லண்டனில் இருப்பது. லண்டனில் இருப்பதற்குச் சொல்ல ஆளில்லை. இதுதான் அளவு என்று சட்டத்தில் எழுதிவிட்டார்கள், அவ்வளவுதான். பெரியவருக்குத் திருப்தியில்லை. எனக்கு இருக்கிறது. பதினொரு வருடமாக இந்த ஒரு விசயத்தில்தான் நான் நிம்மதியாக இருக்கிறேன்.

மனைவி ஞானராணி மத்தியானத்துக்கு மீன் சொதி வைத்திருந்தாள். கல்முனைக்கு மாற்றலாகி வந்த மூன்று மாதத்தில் அவள் சிரித்த முகத்தோடு சமைத்தது இன்றுதான்.

25 மே

அச்சிமுகம்மதுவின் புடவைக்கடை. பெருநாளுக்கு ஒன்பது நாள்தான் இருக்கிறது, கால் வைக்க இடமில்லை. யார்க்கோல் சரி. முத்திரை சரி. வெளியே வரத் திரும்பினேன். அப்போதுதான் பின்மேசையைக் கண்டேன். ரோசாப் பூப்போட்ட சீத்தைத் துணியை விரித்து, அதன்மேல் ஒரு பூவரசங் கம்பை வைத்து, அந்த நீளத்துக்குக் கத்தரிக்கோலை ஓட்டிக்கொண்டிருந்தார் முதலாளி. கம்பில் ஒரு கோடு இல்லை, எண் இல்லை, முத்திரை இல்லை. ஒரு நுனியில் மட்டும் வெள்ளை நூல் சுற்றியிருந்தது.

“இது என்ன முதலாளி?”

“அது அளவுக் கம்பு இல்ல ஐயா.”

“அளந்துதானே வெட்டினீங்க?”

“ஓம்.”

“அப்ப அளவுக் கம்புதானே?”

சனம் சிரித்தது. அவர் சிரிக்கவில்லை. கிட்ட வந்து மெதுவாக, “அத மட்டும் எடுக்காதீங்க ஐயா. மறுகா வாங்க, தனியக் கதைப்பம்” என்றார்.

தனியக் கதைப்பது! இந்த உத்தியோகத்தில் அதற்கு ஒரு அர்த்தம்தான் உண்டு. எனக்குக் கோபம் மூக்கின் மேல் வந்தது. முத்திரை இல்லாத அளவு கடைக்குள் இருந்தால் அது வியாபாரத்துக்கென்றே சட்டம் கொள்ளும். இல்லையென்று காட்டவேண்டியது கடைக்காரர் பொறுப்பு. அவர் காட்டவில்லை. வாயே திறக்கவில்லை. எல்லோர் முன்னிலையிலும் அளந்தேன். மூன்றடி பத்தரை அங்குலம். பற்றுச்சீட்டில் எழுதி, கம்பில் அட்டை கட்டி, அரக்கு வைத்தேன். கையெழுத்துப் போட்டுவிட்டு அவர் அந்த வெள்ளை நூலை ஒரு விரலால் தொட்டார். குற்றவாளி அரக்கைச் சோதிக்கிறான் என்று நினைத்தேன்.

26 மே

மட்டக்களப்புக்கு அறிக்கை அனுப்பியாகிவிட்டது. கம்பு அலுவலக அலுமாரியில், நிமிர்த்தி வைத்திருக்கிறேன்.

1 ஜூன்

காலையில் முதலாளியின் மனைவி ஸம்ஸியா, மதினியாரைத் துணைக்குக் கூட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்தாள். குசினியில் ஞானராணியோடு இருந்து கதைத்தாள். நான் முன்னறையில் பேப்பர் பார்ப்பதுபோல் இருந்தேன். காது முழுக்க அங்கேதான்.

அவர்களுக்கு ஒரே பிள்ளை. சுஹறா. இரண்டு வருடத்துக்கு முன் காய்ச்சலில் போய்விட்டாள், ஏழு வயது. இந்தப் பக்கத்தில் ஒருவர் மௌத்தானால் தலையிலிருந்து கால் வரை ஒரு கம்பை வெட்டி அளவெடுப்பார்களாம். அந்த அளவுக்குத்தான் கபுறுக் குழி வெட்டுவது. வேலை முடிந்ததும் கம்பும் கபுறுக்குள் போய்விடவேண்டும். வீட்டுக்குத் திரும்பி வரக்கூடாது. இவள் எடுத்து ஒளித்துவிட்டாள்.

“புள்ளயத்தான் குடுத்திட்டன். அளவயாவது வெச்சிரிப்பம் எண்டு எடுத்தன் அக்கா. வேற ஒண்டுக்குமில்ல.”

ஒவ்வொரு பெருநாளுக்கும் அந்தக் கம்பின் அளவுக்கு வாப்பா ஒரு சட்டைக்குத் துணி வெட்டுவாராம். தைத்து, தகப்பனில்லாத ஒரு பிள்ளைக்குக் கொடுப்பார்களாம். பள்ளிவாசலுக்குத் தெரிந்தால் ஏசுவார்கள் என்றுதான் அவர் கடையில் வாயை மூடிக்கொண்டு நின்றிருக்கிறார்.

எனக்கு ஒருமாதிரியாகிவிட்டது. என்றாலும் அறிக்கை போய்விட்டதே! வெளியே வந்து, “தங்கச்சி, வழக்கு முடியட்டும். கம்பைத் திருப்பித் தர என்னாலானதைச் செய்வேன்” என்றேன். அவள் தலையாட்டினாள். படலையடியில் நின்று திரும்பிச் சொன்னாள்:

“பாத்து வைங்க ஐயா. இந்த ரெண்டு வருசத்தில நாலு அங்குலம் வளந்திட்டா.”

பாவம். துக்கத்தில் என்ன சொல்கிறோம் என்று தெரியாது.

3 ஜூன்

பெருநாள். பக்கத்து வீட்டிலிருந்து வட்டிலாப்பம் வந்தது. முதலாளி இந்த முறை சட்டை கொடுக்கவில்லையாம். ஞானராணி சொன்னாள். எனக்கு ஏன் சொல்கிறாள்?

12 ஜூலை

வழக்குக் கூப்பிட்டார்கள். குற்றவாளி இல்லை என்றார் முதலாளி. செப்ரெம்பருக்குத் தள்ளிவிட்டார்கள். சம்மாந்துறைப் பக்கம் மூன்று நாள் முத்திரை வேலை. வெயில் மண்டையைப் பிளக்கிறது.

20 செப்ரெம்பர்

நீதவான் லீவு. வழக்கு மறுபடி தள்ளிப்போய்விட்டது.

அலுவலகத்துக்கு வந்து அலுமாரியைத் திறந்து படிக்கற்களை வைத்துவிட்டுப் பூட்டப்போனால் மேல்தட்டு தூக்கிக்கொண்டு நிற்கிறது. கம்பு அதை முட்டிக்கொண்டிருக்கிறது. மே மாதம் வைத்தபோது மேலே ஒரு விரல் போகிற இடைவெளி இருந்தது. எனக்கு நன்றாக நினைவிருக்கிறது, ஏனென்றால் அந்த இடைவெளியில் பற்றுச்சீட்டுப் புத்தகத்தைச் செருகப் பார்த்தேன், போகவில்லை.

எடுத்து அளந்தேன். மூன்றடி பதினொன்றேகால்.

மூன்று முறை அளந்தேன். மூன்றடி பதினொன்றேகால்.

21 செப்ரெம்பர்

பாண்டிருப்பில் தச்சுப் பட்டறை வைத்திருக்கும் நல்லரெத்தினம் அலுமாரித் தட்டைப் பார்க்க வந்தார். சும்மா கேட்பதுபோல் கேட்டேன், வெட்டின கம்பு ஈரத்துக்கு நீளுமா என்று. அவர் என்னை ஒரு பார்வை பார்த்தார். “மரம் மாரிக்குப் பருக்கும் ஐயா. நீளாது. நீளுற மரம் உசிரோட நிக்கிற மரம் மட்டுந்தான்.”

தட்டைக் கழற்றிவிடவா என்று கேட்டார். வேண்டாம் என்றேன். கம்பைச் சுவரோடு சாத்தி வைத்திருக்கிறேன்.

27 செப்ரெம்பர்

அப்படியென்றால் என்னுடைய கோல்தான் பிழை. அதுவே எனக்கு ஆறுதலாக இருந்தது, எழுத வெட்கமாக இருக்கிறது. காலை பஸ்ஸில் கோலைப் பெட்டியோடு மடியில் வைத்துக்கொண்டு மட்டக்களப்புக்குப் போனேன். கச்சேரிக் கோலோடு பக்கத்தில் வைத்துப் பார்த்தார்கள். மயிரிழை வித்தியாசம் இல்லை. “உம்மட கோல் புதுசு மாதிரிக் கிடக்கு” என்று அங்குள்ள பெரியவர் பாராட்டினார்.

திரும்பி வரும்போது களுவாஞ்சிக்குடி வரை ஒன்றும் யோசிக்கவில்லை. அதற்குப் பிறகு ஸம்ஸியா படலையடியில் சொன்னது ஞாபகம் வந்தது. இரண்டு வருடத்தில் நாலு அங்குலம்.

18 ஒக்ரோபர்

மூன்றடி பதினொன்றரை.

அரக்கு உடையவில்லை. அட்டையில் என் கையெழுத்து. வெள்ளை நூல் அதே நுனியில். யாரும் மாற்றி வைக்கவில்லை. அலுவலகப் பூட்டின் திறப்பு என்னிடம் மட்டும்தான் இருக்கிறது.

ஞானராணியிடம் சொல்லிவிட்டேன். அவள் சிலுவை போட்டுக்கொண்டாள். “இஞ்சருங்க, குடுத்திடுங்கவன். அது ஒரு தாயிர சாமான்.” வழக்குச் சாமானை அப்படிக் கொடுக்க முடியாது என்றேன். “அப்ப வழக்க எடுத்திடுங்கவன்.” அதற்கு என்ன காரணம் எழுதுவது? கம்பு வளர்கிறது என்றா? சத்தம் போட்டுவிட்டேன். அவள் உலையைப் பார்க்கப் போனாள்.

10 நவம்பர்

முதலாளிக்காக வழக்குப் பேசும் பிரக்கிராசி மனுப் போட்டிருக்கிறார். டிசம்பர் இரண்டாந் திகதி நீதவான் கோட்டில் வைத்துக் கம்பை அளக்கவேண்டுமாம். அளவுக்கு உதவாத வெறும் தடி என்று காட்டப்போகிறார். அவருக்கு ஒன்றும் தெரியாது, வழக்கமான பிரக்கிராசி வேலை.

ஆனால் அளந்தால்? பற்றுச்சீட்டில் மூன்றடி பத்தரை. அறிக்கையில் மூன்றடி பத்தரை. கோட்டில் அதைவிட ஓர் அங்குலத்துக்கு மேல் கூட. கைப்பற்றின சாமானை மாற்றிவிட்டான் என்றுதான் எவரும் நினைப்பார்கள். என்னோடு உத்தியோகத்துக்கு வந்த ஒருவர் இப்படித்தான் வீட்டுக்குப் போனார். அவர் உண்மையிலேயே மாற்றினவர், அது வேறு கதை. எனக்கு வேலை போனால் போகட்டும் என்று இருக்க முடியுமா? அதைவிட — இந்தப் பெனடிக் பிழையாக அளந்தான் என்று ஒரு நாயும் சொல்லக்கூடாது.

24 நவம்பர்

மழை விடவில்லை. கம்பை அளக்கவில்லை. சுவரில் அது எட்டுகிற இடத்தில் பென்சிலால் ஒரு கோடு போட்டுவிட்டு வந்தேன்.

29 நவம்பர்

பென்சில் கோட்டைத் தாண்டிவிட்டது.

1 டிசம்பர்

எழுதிவிடுகிறேன்.

மத்தியானம் மழைக்கு அலுவலகத்தில் யாருமில்லை. அளந்தேன். மூன்றடி பதினொன்றே முக்கால். நல்லரெத்தினத்திடம் தட்டு வேலைக்கென்று இரவல் வாங்கிய சின்ன வாள் மேசையில் இருந்தது. இல்லை, இருந்தது என்று எழுதுவது பொய். நான்தான் வாங்கி வைத்தேன், போன கிழமையே.

நூல் கட்டிய நுனியைத் தொட்டால் தெரிந்துவிடும். மற்ற நுனியில் ஒன்றேகால் அங்குலம் குறித்து அறுத்தேன். இரண்டு வருடத்துக்கு மேல் காய்ந்த கம்பு. உள்ளே பச்சை. வாள் நனைந்து வந்தது. பூவரசம் இலையைக் கசக்கினால் வருகிற மணம் அறை முழுக்க. கைலேஞ்சியால் துடைத்தேன், மறுபடி கசிந்தது, மறுபடி துடைத்தேன். சாம்பலைப் பூசி வெட்டுவாயைப் பழசாக்கினேன்.

பால்காரருடைய மெழுகைப் பிடித்துத் திருப்பி அனுப்பியவன் நான்.

வேற என்னத்தச் செய்யிறது? சொல்லுங்களன் ஆராவது, வேற என்னத்தச் செய்யிறது?

துண்டைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். ஞானராணி கோவிலுக்குப் போயிருந்தாள். அடுப்பில் வைத்துவிட்டேன். ஈரமாக இருந்ததால் பற்ற நேரம் எடுத்தது. நின்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

2 டிசம்பர்

வேதப் புத்தகத்தில் கை வைத்துச் சத்தியம் செய்தேன். என் கோலாலேயே நீதவான் முன்னால் அளந்தார்கள். மூன்றடி பத்தரை. பற்றுச்சீட்டோடு ஒத்துப்போகிறது. பிரக்கிராசி உட்கார்ந்துவிட்டார். நான் ஒரு பொய்யும் சொல்லவில்லை. கம்பு அவ்வளவுதான் இருந்தது.

முதலாளிக்குப் பத்து ரூபாய் தண்டம். கோடும் எண்ணும் இல்லாத தடி யாருக்கும் உதவாது, மேன்முறையீட்டுக் காலம் முடிந்ததும் உரியவரிடமே கொடுக்கலாம், கடையில் மட்டும் வைக்கக்கூடாது என்று நீதவான் சொன்னார். முதலாளியின் முகம் மலர்ந்துவிட்டது. வெளியே வந்து என் கையைப் பிடித்து, “அல்லா உங்கள நல்லா வெப்பான் ஐயா” என்றார். என்னால் கையை இழுக்கவும் முடியவில்லை.

4 டிசம்பர்

அவர்கள் மௌத்தானவர்களை எரிப்பதில்லையே. அடக்குகிறவர்கள். அது எனக்கு இன்றுதான் உறைத்தது.

21 டிசம்பர்

கம்பைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். ஆளை அனுப்பியிருக்கலாம். நானே போனேன்.

உள்வீட்டுப் பன்பாயில் வைத்தார்கள். முதலாளியும் நானும் வாசலில் நின்றோம். ஸம்ஸியா வெள்ளை நூலை முதலில் தொட்டாள், முத்தமிட்டாள். பிறகு ஒரு கையை நூலடியில் வைத்துக்கொண்டு மறு கையால் கம்பை மெல்லத் தடவிக்கொண்டே வந்தாள். கழுத்து, தோள், இடுப்பு, முழங்கால் என்று ஒவ்வோர் இடத்திலும் கை நின்று நின்று வந்தது. நுனிக்கு வந்ததும் கை வெறும் பாயில் விழுந்தது. மறுபடி தடவினாள். மறுபடி பாயில் விழுந்தது.

தலையைத் தூக்கி என்னைப் பார்த்தாள்.

“தலை சரி ஐயா. கால் எங்க?”

“காய்ஞ்சு சுருங்கியிருக்கும்” என்று நான் சொன்னேன். ஆம், சொன்னேன். மாரி மழையில் நனைந்துகொண்டு நின்று, காய்ந்து சுருங்கியிருக்கும் என்றேன்.

அவள் அழவில்லை. ஏசவும் இல்லை. நுனியை முந்தானையால் சுற்றி மடியில் வைத்துக்கொண்டாள்.

9 பெப்ரவரி 1955

மாற்றல் கேட்டு எழுதியிருக்கிறேன். சந்தைக்குப் போகும்போது புடவைக்கடைத் தெருவைச் சுற்றிப் போகிறேன்.

3 ஏப்ரல்

குருத்தோலை ஞாயிறு. பாவசங்கீர்த்தனத்தில் சுவாமியிடம் சொன்னேன். ஒரு கம்பை வெட்டினேன் என்று சொன்னால் அவர் என்ன செய்வார்? நீதவானை ஏமாற்றின பாவத்துக்கு ஐம்பத்துமூன்று மணிச் செபம் தந்தார். மற்றதைச் சொல்ல எனக்கு வார்த்தை வரவில்லை.

24 மே

நோன்புப் பெருநாள். முதலாளி வட்டிலாப்பத்தோடு தானே வந்தார். கடைப் பையன்களை அனுப்பாமல் தானே வந்தது எனக்கு யோசனையாக இருந்தது. புதுச் சாரம், தொப்பி. முகத்தில் மட்டும் பெருநாள் இல்லை. கதிரையில் இருக்கமாட்டேன் என்றார். சட்டை கொடுத்தீர்களா என்று நானாகத்தான் கேட்டேன்.

“இந்த வருசம் துணி வெட்டல்ல ஐயா. வெட்டுறதுக்கு என்ன இரிக்கி? அதே அளவுதான்.” வட்டிலாப்பத்தை மேசையில் வைத்துவிட்டுச் சொன்னார், “நீங்க தந்ததில இரிந்து ஒரு நூல் கூட வளரல்ல. ஒவ்வொரு வெள்ளியும் தாய்க்காரி பாக்கிறா. போன வெள்ளிதான் சென்னா, புள்ள மௌத்தாப் போயிட்டா எண்டு. மூணு வருசத்துக்குப் பொறகு இப்பதான் அழுறா.”

ஞானராணி கதவடியில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். என்னைப் பார்க்கவில்லை.

27 மே

ஜும்மா முடிந்த பிறகு முதலாளி அலுவலகத்துக்கு வந்து கூப்பிட்டார். கம்பைச் சேரவேண்டிய இடத்தில் சேர்க்கப்போகிறார்களாம். “அளவு பாத்த ஆள் நீங்க. ஒருக்கா வாங்க ஐயா.” சப்பாத்தைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு அவர்கள் அடக்குகிற மையவாடிக்குள் போனேன். கடற்கரை மணல், கால் சுட்டது.

கபுறு வெட்டுகிற முகம்மது தம்பி காத்துக்கொண்டிருந்தார். மூன்று வருடத்துக்கு முன் சுஹறாவுக்கு வெட்டியவரும் அவர்தான். அன்றைக்குக் கம்பைத் தேடினாராம், கிடைக்கவில்லையாம், யார் எடுத்திருப்பார்கள் என்று தெரிந்தும் பேசாமல் இருந்தாராம். பிள்ளையின் கபுறில் நட்டிருந்த மீசான் கட்டைக்குப் பக்கத்தில் மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு கேட்டார், “அளவு எவ்வளவு?”

கம்பு முதலாளியின் கையில், வெள்ளைத் துணி சுற்றி இருந்தது. அவர் அதை அவிழ்க்கவில்லை. “ஐயாதான் செல்லணும்” என்றார்.

பற்றுச்சீட்டில் இருக்கிறது. அறிக்கையில் இருக்கிறது. கோட்டுப் பதிவில் என் சத்தியத்தோடு இருக்கிறது. மூன்றடி பத்தரை.

“மூன்றடி பதினொன்றே முக்கால்” என்றேன்.

முதலாளி கையில் இருந்த கம்பைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். அடிப்பார் என்று நினைத்தேன், அடித்திருந்தால் நல்லது. அவர் கிட்ட வந்து, முகம்மது தம்பிக்குக் கேட்காமல் கேட்டார்:

“அவ்வளவுக்கு வளந்திரிந்தாவா ஐயா?”

“ஓம்” என்றேன்.

அவர் தலையை ஆட்டிக்கொண்டே நின்றார். கண்ணால் வழிந்தது, துடைக்கவில்லை. முகம்மது தம்பி நான் சொன்ன அளவுக்குக் குறித்து, ஒரு முழ ஆழத்துக்கு வெட்டினார். நல்ல வேலைக்காரர், கோடு பிசகவில்லை. முதலாளி இறங்கிக் கம்பை வைத்தார். நூல் தலைமாட்டில் சரியாக முட்டியது. கால்மாட்டில் ஒன்றேகால் அங்குலம் வெறுமையாகக் கிடந்தது.

“இதுக்குள்ள என்ன வாறது?” என்று கேட்டார் முகம்மது தம்பி.

முதலாளி குனிந்து அந்த வெறும் இடத்தில் உள்ளங்கையை வைத்து எடுத்தார். முகம்மது தம்பி அதைப் பார்த்துவிட்டு, கையாலேயே மணலை இழுத்து அந்த இடத்தை முதலில் மூடினார்.